"சிறப்பான சுதந்தரம்" என்றால் மனையா, மோட்சமா?

வாடகைவீட்டுக்காரி கேட்டது:
டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கு ஒரு வசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். சங்கீதம் 16:6 வந்தது. "நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது, ஆம், சிறப்பான சுதந்தரம் எனக்கு உண்டு." நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன், 'தி' விழுந்துபோய் 'த' ஆகிவிட்டதாக. மாமியார்தான் "அது விடுதலை இல்லைம்மா, சொத்து" என்றார்கள். பக்கத்தில் நின்ற அக்கா, இந்த வருஷம் உனக்கு ஒரு மனை நிச்சயம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். 11 வருஷமாக வாடகை வீடு, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா நிலத்தில் அண்ணன்கள் எனக்கு ஒரு சென்ட்கூடத் தரவில்லை. அதனால் வசனம் கொஞ்சம் குத்துகிறது. இது உண்மையில் எதைச் சொல்கிறது?

விசுவாசவீரன்:
ஆமென் சிஸ்டர்! உரிமை பாராட்டி ஜெபியுங்கள். இதே வசனம் வந்த வருஷம்தான் என் தம்பி அஸ்திவாரம் போட்டான்.

பழைய பத்திர எழுத்தர்:
தங்கச்சி, நான் போதகர் இல்லை. 30 வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். வேதத்தைத் திறந்தாலும் கண் நிலத்தின் மேல்தான் போகும்.

சங்கீதத்தின் மூலமொழியான எபிரெயத்தில் இந்தச் 'சுதந்தரம்' என்ற சொல் 'நஹலா'. அசல் மண்தான் அது. 'நேர்த்தியான இடங்களில் பங்கு' என்று நாம் படிக்கும் இடத்தில், மூலத்தில் இருப்பது அளவுக் கயிறு. நல்ல இடத்தில் எனக்குக் கயிறு விழுந்தது என்கிறான் சங்கீதக்காரன். சீலோவில் யோசுவா தேசத்தைப் பங்கிட ஏழு கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டானே, அந்த வாசனை. அப்படி வந்த நிலத்தை அறுதியாய் விற்க முடியாது. 'தேசம் என்னுடையது' என்று லேவியராகமம் 25:23இல் சொந்தக்காரரான கர்த்தர் சொல்லிவிட்டார். ராஜா கேட்டும் நாபோத் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்காமல் கல்லெறிபட்டுச் செத்தது இதற்காகத்தான்.

ஒரு வசனம் மேலே பாருங்கள்: "கர்த்தர் என் சுதந்தரமும் என் பாத்திரத்தின் பங்குமானவர்." இது லேவியன் பேச்சு, ஆலய ஊழியத்துக்கென்று ஒதுக்கின கோத்திரத்தான் பேச்சு. லேவியருக்குக் குடியிருக்க 48 பட்டணங்கள் உண்டு, கோத்திரப் பங்கு கிடையாது. நானே உன் பங்கு என்று ஆரோனிடம் கர்த்தர் சொன்னார் (எண்ணாகமம் 18:20). நிலக்காரனின் சொற்களை வாங்கி நிலமில்லாதவன் பாடுகிற பாட்டு மாதிரி இருக்கிறது. (தலைப்பில் தாவீது பெயர் இருக்கிறதே, அவன் நிலப் பங்கு உள்ள யூதா கோத்திரமாயிற்றே என்று யாராவது வருவீர்கள். தெரியும்.)

புதிய ஏற்பாட்டிலும் இந்தச் சுதந்தரம் வருகிறது. எபேசியர் 1:14 ஆவியானவரை 'நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்' என்கிறது. கிரேக்கத்தில் 'அர்ரபோன்', சுத்த வியாபாரச் சொல். நான் எழுதின ஒப்பந்தத்தில் எல்லாம் வாங்குகிறவன்தான் அச்சாரம் கொடுப்பான். இங்கே சொத்தைத் தரப்போகிறவரே அச்சாரமும் தருகிறார். ரொம்ப நாள் இது எனக்கு இடித்தது. பிறகுதான் அதே வசனத்தின் முன்பாதி கண்ணில் பட்டது: 'அவருக்குச் சொந்தமானவர்கள்'. வாங்குகிறவர் அவர். கிரயமாகிற சொத்து நாம்.

அண்ணன் விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கும் சபைக்கும் முன்னால் வந்து நின்று, அப்பாவின் பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று வாய்திறந்து கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். அவர்களுக்குச் சகோதரன் இல்லை. இருந்திருந்தால் அந்தச் சட்டத்தில் பங்கு வந்திருக்காது. கிறிஸ்தவர்களான உங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மாவுக்கு மூன்றில் ஒன்று போக, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமம். ஆண் பெண் பேதமில்லை.

மாதாகோயில்தெரு:
கத்தோலிக்கரான நாங்கள் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'உரிமைச்சொத்து' என்றே இருக்கும், 'தி' குழப்பம் வராது. ஆனால் பத்திர எழுத்தர் ஐயா மண்ணைச் சீக்கிரம் கைவிட்டுவிட்டார். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்க, காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத் ஊரில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி, முத்திரை எல்லாம் வைத்து, பத்திரத்தை மண்பாத்திரத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அது ஆவிக்குரிய நிலமில்லை.

பழைய பத்திர எழுத்தர்:
ஒத்துக்கொள்கிறேன். அந்த அதிகாரத்தை நான் எப்படி விட்டேன்!

வாடகைவீட்டுக்காரி:
அப்பா உயில் எழுதவில்லை. அம்மா இருக்கிறார்கள். அண்ணாச்சி, வில்லங்கம் போட்டுப் பார்க்க என்ன வேண்டும்?

பழைய பத்திர எழுத்தர்:
கிராமப் பெயரும் சர்வே நம்பரும். பழைய தீர்வை ரசீதில் இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள்.