வக்கீல் பீஸ்: மணிக்கணக்கா, மொத்தத் தொகையா?

கேள்வி: ஒரு வக்கீல் மணிக்கணக்கில் பில் போடுவாராம், முன்பணமும் கேட்கிறார். இன்னொருவர் மொத்தமாக ஒரே தொகை என்கிறார். கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்வது?

பதில் 1: மணிக்கணக்கு என்றால், குறைந்தபட்சம் எத்தனை நிமிடத்துக்குக் கணக்கு ஏறும் என்று முதலில் கேளுங்கள். பல அலுவலகங்களில் 6 நிமிடம், அதாவது மணியில் பத்தில் ஒரு பங்கு. சில இடங்களில் 15. இரண்டு நிமிடம் வீதம் நாலு தடவை போனில் பேசினால் முதலாவதில் 24 நிமிடம், இரண்டாவதில் முழுசாக ஒரு மணி நேரம்! அதனால் சின்னச் சின்னக் கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஜூனியர் செய்யும் வேலைக்கு எந்த ரேட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 2: மொத்தத் தொகையில் தகராறு வருவதே எது அடக்கம் என்பதில்தான். நீதிமன்றக் கட்டணம், நகல், பயணம், வரி பெரும்பாலும் தனி. மேல்முறையீடும் அப்படியே. வழக்கு பாதியில் சமரசமானால் எவ்வளவு குறையும் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

பதில் 3: முன்பணத்தில் இரண்டு வகை உண்டு. வேலை நடக்க நடக்கக் கழிப்பது ஒன்று. அதில் மிச்சம் திரும்பி வரும். உங்கள் வழக்கை ஏற்றுக்கொள்வதற்கென்றே வாங்குவது மற்றது. அது பொதுவாகத் திரும்பாது. எந்த வகை என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.