சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி

பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் ரெட்ஹில்லை அடுத்த லெங்கோக் பாருவில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில், தொடக்கநிலை ஆறில் படித்த ஒரு சிறுவனுக்குச் சனிக்கிழமைதோறும் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளைப் பற்றி அவனுடைய தாயாருக்குத் தெரியாமல் இல்லை. 1991 முதல் இயங்கிவரும் அமைப்பு அது; அவருடைய சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் அதற்குச் சில வெள்ளி (டாலர்) போகிறது. ஆனால் அவர் துப்புரவு வேலைக்குச் செல்லும் நேரத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் இவன்தான் என்பதால், வகுப்பு அவனைத் தேடி வர வேண்டியிருந்தது. சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையின் மறுபக்கத்தில் தங்கை வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள்.

முதல் மாதம் முழுவதும் நான் வேண்டாத இடத்தில் உழைத்தேன். பெருக்கலும் வகுத்தலுமாகப் பயிற்சித் தாள்களை அச்சிட்டுக் கொண்டுபோனேன். அவனோ அவற்றை என்னைவிட வேகமாக முடித்தான். கேள்வி சொற்களில் வந்தால்தான் அவன் தடுமாறினான். ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி’ என்றிருந்தாலும் ‘த்ரீ மோர் தேன்’ என்றிருந்தாலும் அவன் கண்ணில் பட்டது அந்த மூன்று மட்டுமே. ஒரு நாள் தாளை மூடிவைத்துவிட்டு, “காலையில தங்கச்சி ரெண்டு பரோட்டா சாப்பிட்டா. நீ அவளவிட மூணு கூடச் சாப்பிட்டியா, மூணு மடங்கு சாப்பிட்டியா?” என்று கேட்டேன். ஐந்தா ஆறா என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டையே வந்துவிட்டது. அதன்பிறகு, அளவுகளைக் கட்டங்களாக வரைந்து கணக்குப் போடப் பள்ளியில் கற்பிக்கும் கட்டப்படத்தை எங்கே நீட்டுவது, எங்கே மும்மடங்காக்குவது என்பதை அவனே வரைந்து காட்டினான். பிப்ரவரியில் 46 வாங்கியவன் ஆகஸ்டில் பிரிலிம் என்னும் முன்னோட்டத் தேர்வில் 61 வாங்கினான்.

அடுத்து நடந்தது என் தவறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் இறுதியில் தொடங்குகின்றன. எங்கள் பருவ இடைத் தேர்வுகளும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான் வருகின்றன. ஆகஸ்டிலேயே யோசித்திருக்க வேண்டிய இந்த மோதலை நான் யோசிக்கவில்லை. வர இயலாது என்று அவன் தாயாரின் கைப்பேசிக்குக் கடைசி நேரத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, இரண்டு சனிக்கிழமைகள் போகாமல் இருந்தேன். வேலையில் இருந்த அவர் அதை மாலையில்தான் பார்த்திருக்கிறார். இரண்டு வாரமும் சிறுவன் தங்கையோடு கீழே வந்து உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் வாரம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு வருத்தத்தைவிட வியப்பே அதிகம். “யூனிவர்சிட்டி போனாலும் டெஸ்ட் இருக்கா அக்கா?” என்றான். அன்றே அவனுடைய தேர்வு நாள்களையும் என்னுடையவற்றையும் ஒரே தாளில் எழுதி, மீதமிருந்த வகுப்புகளை வார நாள் மாலைகளுக்கு மாற்றினோம். தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுத்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது.

நவம்பர் இறுதியில் முடிவுகள் வந்தன. கணிதத்தில் அவனுக்குக் கிடைத்தது ஆறாம் நிலை; எண் குறையக் குறைய நல்லது. 2021 முதல் நடப்பிலுள்ள முறையில் 45 முதல் 64 வரை எல்லாமே ஆறாம் நிலைதான். 65 வாங்கினால்தான் ஐந்து. பிப்ரவரியின் 46ஐயும் ஆகஸ்டின் 61ஐயும் ஒன்றாகவே காட்டும் அந்த எண்ணின்மீது எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. தவறவிட்ட இரண்டு சனிக்கிழமைகளையும் 61க்கும் 65க்கும் இடையிலான அந்த நான்கு மதிப்பெண்களையும் சேர்த்து எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை.

அவன் அந்தக் கணக்கைப் போடவில்லை. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டி மொத்தம் 23 எடுத்திருந்ததால் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்தை நடுத்தரமான ஜி2 நிலையில் படிக்கப்போகிறான். அதைவிடக் கடினமான ஜி3க்கு மாற முடியுமா என்று கேட்டான். நன்றாகச் செய்தால் பிறகு மாற வழியுண்டு என்றேன்.

“அப்ப ஜனவரியிலயும் வாங்க அக்கா,” என்றவன், “உங்க பரீட்சை தேதி வந்ததும் முதல்ல சொல்லிடுங்க,” என்றும் சேர்த்துக்கொண்டான்.