கட்சி அரசியலை விட்டு விலகச் சொன்ன குஸ் துர், பின்னர் கட்சி தொடங்கியது ஏன்?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். இந்தோனேசியாவின் நான்காவது குடியரசுத் தலைவராக 1999 அக்டோபர் முதல் 2001 ஜூலை வரை இருந்த அப்துர்ரஹ்மான் வாஹிதைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அந்நாட்டு மக்கள் அவரைக் குஸ் துர் என்றே அழைத்தார்கள். ஜாவாவில் கியாய் எனப்படும் மார்க்க அறிஞரின் மகனுக்கு வழங்கும் மரியாதைச் சொல் ‘குஸ்’. அவருடைய பாட்டனார் ஹாஷிம் அஷ்அரீ, 1926இல் மரபுவழி மார்க்க அறிஞர்களின் அமைப்பான நஹ்ளத்துல் உலமாவைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். தந்தை வாஹித் ஹாஷிம் சமய விவகார அமைச்சராக இருந்தவர். 1953இல் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த குஸ் துரும் அதே காரில் இருந்தார்.

எனக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. 1984இல் சிதுபொண்டோவில் கூடிய மாநாட்டில் அவர் நஹ்ளத்துல் உலமாவின் தலைவரானார். அந்த மாநாட்டில்தான், அமைப்பு கட்சி அரசியலை விட்டு நீங்கி 1926ஆம் ஆண்டின் மார்க்க, கல்வி, சமூகப் பணிகளுக்குத் திரும்பும் என்ற முடிவும் உறுதி செய்யப்பட்டது. அந்த முடிவின் முகமாக விளங்கியவர் அவரே. ஆனால் 1998 ஜூலையில், அதே அமைப்பின் தலைவராக இருந்துகொண்டே தேசிய விழிப்புணர்ச்சிக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நாட்டின் தலைவரும் ஆனார். 21 மாதங்களில் பதவி நீக்கமும் செய்யப்பட்டார். இது கொள்கையிலிருந்து வழுவியதா, அல்லது 1984இன் முடிவை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா? ஒரு மார்க்க அறிஞராக அவர் செய்த சீர்திருத்தத்துக்கு ஆட்சிப் பொறுப்பு துணை செய்ததா, ஊறு செய்ததா? அந்நாட்டு வரலாற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முதல் மறுமொழி

1984இன் முடிவை அரசியல் துறவு என்று கொண்டால் அதன் பிறகு நடந்தவை எவையும் விளங்கா. நஹ்ளத்துல் உலமா 1952 முதல் தனிக் கட்சியாகவே இயங்கியது. 1955 பொதுத் தேர்தலில் 18 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்று மூன்றாம் இடத்தில் நின்றது. 1973இல் அன்றைய குடியரசுத் தலைவர் சுகார்த்தோவின் அரசு எல்லா முஸ்லிம் கட்சிகளையும் ஒன்றாகக் கட்டி ஐக்கிய வளர்ச்சிக் கட்சி என்ற ஒரே கூடையில் போட்டது. அக்கட்சிக்கு யார் தலைவர், யார் வேட்பாளர் என்பதில் அரசின் கை இருந்தது. வாக்குகளைத் திரட்டிக் கொடுத்த கியாய்களோ ஓரங்கட்டப்பட்டார்கள். அக்கட்சியோடு நின்ற காரணத்தால் அவர்களுடைய பெசன்ட்ரென்களும் (உறைவிட மதரசாக்களை அங்கே அப்படி அழைப்பார்கள்) அரசின் சந்தேகத்துக்கு ஆளாயின. ஆகவே கட்சியை விட்டு வெளியேறியது அரசியலிலிருந்து ஓடியதாகாது. அரசு பிடித்திருந்த கயிற்றை அறுத்துக்கொண்டதே அது.

அதே மாநாட்டில், இந்தோனேசிய அரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தை அமைப்பின் அடிப்படையாக ஏற்றார்கள். அரசு எல்லா அமைப்புகள் மீதும் அதைத் திணிக்க முனைந்திருந்த காலம் அது என்பதால், பணிந்துவிட்டார்கள் என்று அன்று பலரும் கடிந்துகொண்டார்கள். ஆனால் குஸ் துரும், மூத்த அறிஞரான கியாய் அஹ்மத் சித்தீக்கும் அதை வெறும் பணிவாகச் செய்யவில்லை. பல சமயத்தார் வாழும் நாட்டில் ஒரு முஸ்லிம் அரசியல் சாசனத்தை மனமொப்பி ஏற்பதற்கு மார்க்க நியாயம் உண்டு என்று ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்டவியல் மரபின் உள்ளிருந்தே வாதிட்டார்கள். குஸ் துரின் சீர்திருத்தம் மரபை உதறியவரின் சீர்திருத்தமன்று. அவர் பெசன்ட்ரென்களில் ஓதி, கெய்ரோவின் அல்அஸ்ஹரில் சேர்ந்து அங்குள்ள பாடமுறையில் மனம் கொள்ளாமல், பாக்தாத் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். ‘மக்கள் மீது தலைவருக்குள்ள அதிகாரம் மக்களின் நலனைச் சார்ந்தே அமையும்’ என்ற பழைய சட்ட விதியை அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். அந்த விதி எந்த மேலைநாட்டு நூலிலிருந்தும் வந்ததன்று. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபின் மாணவர்கள் மதரசாவிலேயே மனனம் செய்வது. (இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை: மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய ‘ஃபத்ஹுல் முயீன்’ ஜாவாவின் பெசன்ட்ரென்களில் இன்றும் பாடநூலாக இருக்கிறது. அந்த உலகம் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.)

கட்சி இல்லாத அந்த 14 ஆண்டுகளில் அவர் செய்த அரசியலைக் கவனியுங்கள். 1990இல் ஒரு வார இதழ் நடத்திய வாசகர் கருத்துக்கணிப்பில் நபிகளாரின் பெயர் பதினொன்றாம் இடத்தில் வந்ததால் நாடே கொதித்தது. இதழ் மூடப்பட்டு ஆசிரியர் சிறை சென்றார். அந்த இதழ் செய்தது தவறு என்று வருந்திய குஸ் துர், அதைத் தடை செய்வதையும் எதிர்த்துப் பேசினார். ஒரு கியாயின் பேரன் அன்று அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டில் சுகார்த்தோவின் அமைச்சர் ஹபீபியின் தலைமையில் அரசின் ஆதரவோடு முஸ்லிம் அறிவாளர் சங்கம் உருவானபோது அதில் சேர மறுத்தார். சமயத்தின் பெயரால் அரசு ஆள் சேர்ப்பது நாட்டைப் பிளக்கும் என்பது அவர் அச்சம். மறு ஆண்டு, வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த அறிவாளர்களோடு ஜனநாயக மன்றத்தைத் தொடங்கினார். 1994இல் சிபாசுங் மாநாட்டில் அவரைத் தலைமையிலிருந்து இறக்க அரசு பெரிதும் முயன்றது. சிறு வாக்கு வேறுபாட்டில் அவர் தப்பினார்.

1996 அக்டோபரில் சிதுபொண்டோவில், அதாவது அவர் தலைவரான அதே ஊரில், தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. அவர் கிறித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அமைப்பின் இளைஞர் படையான பான்சர் கிறிஸ்துமஸ் இரவுகளில் தேவாலயங்களுக்குக் காவல் நிற்கும் வழக்கம் அதன் பின் வேரூன்றியது. 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் மொஜோகெர்த்தோ நகரத்துத் தேவாலயத்தில் அப்படிக் காவல் நின்ற ரியாந்தோ என்ற இளைஞர், உள்ளே கிடந்த வெடிகுண்டை வெளியே எடுத்துச் சென்றபோது அது வெடித்து இறந்தார். கட்சி செய்ய முடியாத வேலை இது. உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு என் விடை: அவர் அரசியலை விட்டதே இல்லை.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் கடினமான பகுதி தொடங்குகிறது. அதை மறைப்பது குஸ் துருக்குச் செய்யும் மரியாதையாகாது.

1998 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியது. பார்வை முற்றிலும் மங்கியது. மே மாதத்தில் சுகார்த்தோ விலகினார். கட்சிகள் காளான்களாய் முளைத்தன. நஹ்ளத்துல் உலமாவின் உறுப்பினர்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் நிலையில், தங்களுக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று கியாய்களே நெருக்கினார்கள். அவர் தொடங்கிய கட்சி பிற சமயத்தாருக்கும் திறந்திருந்தது. இஸ்லாமைக் கட்சியின் அடிப்படையாக எழுதிக்கொள்ளவில்லை. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதன் பின் வந்தது. 1999 ஜூன் தேர்தலில் அவர் கட்சிக்கு ஏறத்தாழ 12.6 விழுக்காட்டு வாக்குகளும் 51 இடங்களும் கிடைத்தன. முதல் குடியரசுத் தலைவர் சுகர்னோவின் மகளான மெகாவதியின் கட்சி 33 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றது. அப்போது குடியரசுத் தலைவரை மக்கள் ஆலோசனை மன்றமே தேர்ந்தெடுத்தது. மெகாவதியை விரும்பாத முஸ்லிம் கட்சிகள், அவற்றின் தலைவர்களுள் ஒருவரான அமீன் ராயிஸின் முயற்சியால் ஓரணியாகி, குஸ் துரை முன்னிறுத்தின. அக்டோபர் 20 அன்று 373க்கு 313 என்ற கணக்கில் வென்றார். அவையில் பத்தில் ஒரு பங்கே சொந்த பலம், மற்றவை யாவும் கடன். அந்தக் கடனை அவர் கடனாகவே கருதவில்லை என்பது என் மனத்தாங்கல். 2000 ஏப்ரலில் மெகாவதி கட்சி அமைச்சர் ஒருவரையும் சுகார்த்தோவின் ஆளுங்கட்சியாக இருந்த கோல்காரின் அமைச்சர் ஒருவரையும் நீக்கினார். அவர்கள் மீது ஊழல் குற்றம் சாட்டினார், சான்று காட்டவில்லை. இரண்டு பெருங்கட்சிகள் ஒரே நாளில் பகையாயின. அவையைச் சிறுவர் பள்ளி என்று அவர் சொன்னதை மக்கள் ரசித்திருக்கலாம். அந்த உறுப்பினர்களே தம்மை நீக்கும் வாக்குரிமை உடையவர்கள் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

உணவுக் கொள்முதல் வாரிய ஊழியர் நிதியிலிருந்து 3,500 கோடி ரூபியா எடுக்கப்பட்டதும், புருணை சுல்தான் தந்த 20 இலட்சம் டாலரும் விசாரணைக்கு வந்தன. 2001 மே மாதத்தில் தலைமை வழக்கறிஞர், அவருக்குத் தொடர்பிருப்பதாகச் சான்றில்லை என்று அறிவித்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஜூலை 23 அதிகாலையில் அவையைக் கலைத்தும் கோல்காரை முடக்கியும் அவர் ஆணை பிறப்பித்தார். இராணுவமும் காவல்துறையும் கீழ்ப்படியவில்லை. அன்றே மக்கள் ஆலோசனை மன்றம் அவரை நீக்கி மெகாவதியைப் பதவியேற்கச் செய்தது. ஜனநாயக மன்றம் நடத்திய ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட அவையைக் கலைக்க ஆணையிட்டார் என்பதை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் கட்சியும் பதவியும் இல்லாதபோது செய்தவையே நிலைத்தன, பதவியில் இருந்து செய்தவை வீணாயின என்று கொள்ளலாமா? பிற்காலத்தில் அந்தக் கட்சிக்கும் அவருக்கும் என்ன உறவு இருந்தது?

மூன்றாம் மறுமொழி

அப்படிப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1996இல் சுரபாயாவில், கன்ஃபூஷிய முறைப்படி மணந்த ஒரு தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்ய அரசு அலுவலகம் மறுத்தது. வழக்கு நீதிமன்றம் சென்றபோது குஸ் துர் அவர்களுக்கு ஆதரவாக அங்கே போய் நின்றார். அன்று அவரிடம் சொல் மட்டுமே இருந்தது. 2000 ஜனவரி 17 அன்று அவரிடம் கையெழுத்தும் இருந்தது. சீனர்களின் சமயச் சடங்குகளையும் பண்பாட்டு விழாக்களையும் பொதுவெளியில் நடத்தக் கூடாதென்று 1967இல் சுகார்த்தோ பிறப்பித்த ஆணையை, ஆட்சிக்கு வந்த மூன்றே மாதத்தில் அவர் நீக்கினார். 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தாண்டு கொண்டாடிய குடும்பங்கள் சிங்க நடனத்தோடு தெருவுக்கு வந்தன. அடுத்து வந்த மெகாவதி அந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கினார். எந்த அரசும் அதைத் திரும்பப் பெறவில்லை. பதவியின்றி இதைச் செய்திருக்க முடியாது.

பத்திரிகைகளை அடக்கி வைத்திருந்த தகவல் துறை அமைச்சகத்தை அவர் பொறுப்பேற்றவுடன் கலைத்தார். இரியன் ஜெயா என்று சுகார்த்தோ ஆட்சி வழங்கிய பெயரை மாற்றி, அம்மக்கள் வேண்டியபடி பப்புவா என்று அழைத்தார். 2000 பிப்ரவரி இறுதியில் கிழக்குத் திமோருக்குச் சென்று, 1991இல் இந்தோனேசிய இராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்ற சாண்டா குரூஸ் கல்லறையில் மலரஞ்சலி செலுத்தி, நடந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே மாதத்தில்தான் ஜெனரல் விரந்தோவை அமைச்சரவையிலிருந்து விலக்கினார். சுகார்த்தோவின் நிழலில் வளர்ந்த ஒரு தளபதியைப் பார்வையிழந்த ஒரு கியாய் பதவியிறக்கியபோது, ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கும் என்று அஞ்சியவர்கள் பலர். நடக்கவில்லை.

பொதுவுடைமையாளர்களைக் குறிவைத்து நடந்த 1965–66 படுகொலைகள் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. அக்கொலைகளில் நஹ்ளத்துல் உலமாவின் இளைஞர்களும் பங்கேற்றிருந்தார்கள். தம் அமைப்பின் கையில் படிந்த இரத்தத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பொதுவுடைமைக் கொள்கையைத் தடை செய்த 1966ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். அவருடைய கூட்டணிக் கட்சிகளும், அவர் அமைப்பின் கியாய்கள் பலரும் எதிர்த்தார்கள். தீர்மானம் அப்படியே இருக்கிறது. இது பயன் தராத முயற்சி என்பது உண்மை. ஆனாலும் ஒரு நாட்டின் தலைவர் அதைச் சொன்னார் என்பது கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் எண்ணாத நாளில்லை.

இரண்டாம் மறுமொழி எழுதிய நண்பர் ஜூலை 23 ஆணையைக் குறித்துச் சொன்னதை மறுக்கவில்லை. அது பிழையே. ஆனால் அவை தன் விருப்பம்போல் ஒரு குடியரசுத் தலைவரை வீழ்த்த முடிந்தது என்பதும் அன்றைய சாசனத்தின் பிழைதான். அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய சாசனத் திருத்தம் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிவகுத்தது. நீக்க வேண்டுமானால் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டும் என்று விதித்தது. அவருக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கு அவ்வளவு எளிதில் நேராது.

கட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். 2004இல் உடல்நிலையைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட விடவில்லை. 2008இல் அவருக்கும், கட்சியை நடத்திய உறவினர் முஹைமின் இஸ்கந்தருக்கும் மூண்ட பூசல் நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு முஹைமின் பக்கம் போனது. குஸ் துர் தாம் தொடங்கிய கட்சிக்கு வெளியே நின்றார். 2009 ஏப்ரல் தேர்தலில் அக்கட்சியின் வாக்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று அவர் இறந்தார். ஜோம்பாங்கில் தெபுஇரெங் பெசன்ட்ரெனுக்குள், பாட்டனாருக்கும் தந்தைக்கும் அருகில் அடக்கம் செய்தார்கள். ஜியாரத்துக்கு (அடக்கத்தலத்தைத் தரிசிக்க) வருகிற பேருந்துகளில் முஸ்லிம்களோடு சீனக் குடும்பங்களும் கிறித்தவர்களும் வந்து இறங்குகிறார்கள்.