விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்: எந்த ஃபார்மேட்?

வணக்கம். கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங் என் விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில், கலர் வேலை குன்னூர் நண்பரின் மேக்கில். நடுவே பஸ்ஸில் போய் வருவது ஒரு 2 டிபி யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க், ஃபார்மேட் எக்ஸ்ஃபேட் (விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும்).

காப்பி ஓடும்போது கரண்ட் போனால் தீர்ந்தது. மறுபடி செருகினால் நீல லைட் மினுக்கும், டிரைவ் எழுத்தும் வரும், திறந்தால் 'ஃபார்மேட் செய்யணும்' என்று நிற்கும். ஜூன் மழை தொடங்கியதிலிருந்து இதே கதை. காற்றடித்தால் ஏதாவது ஒரு சோலை மரம் கம்பி மேல் விழும், உங்களுக்கே தெரியும். யூபிஎஸ் பேட்டரி போச்சு, புதுசு இப்போதைக்கு முடியாது.

செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவி) ஓட்டினேன், 'ரா' டிரைவில், அதாவது ஃபார்மேட் அடையாளம் தெரியாத டிரைவில், ஓடாது என்கிறது. கேபிள், போர்ட் மாற்றியாச்சு. டிஸ்க்கின் ஆரோக்கியம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ 'குட்' காட்டுகிறது. குவிக் ஃபார்மேட்டை விட்டு முழு ஃபார்மேட்டும் போட்டேன், ராத்திரி முழுக்க ஓடியது. பலன் இல்லை. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (செய்யப்போகும் மாற்றத்தை முன்பே குறித்து வைப்பது, பாதியில் நின்றால் சரிசெய்ய) கிடையாது, அதுதான் காரணம் என்பது என் கணக்கு.

ஃபேட்32 உதவாது: ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எங்கள் மண்டப வீடியோ ஒன்றே 20 ஜிபி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னலிங் உண்டு, ஆனால் அதைப் போட்டால் மேக் படிக்கும், எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது.

வீடியோக்களுக்கு வேறு காப்பி இருக்கிறது, ரெக்கவரி வேண்டாம்.

என்டிஎஃப்எஸ் போட்டு, மேக்கில் எழுத தனி சாஃப்ட்வேர் வைத்து, பெரிய ஃபைல்களோடு தினமும் ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா, நம்பி மாறலாமா?