பி.டி. பீரியடில் நாலு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்க்க என்ன வழி?

குடியாத்தம் பி.இ.டி.:

வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் 44 பேர். அதில் ஒரு பையனுக்கு மூளை முடக்குவாதம், வீல்சேர். விரல்கள் இறுகியே இருக்கும், பந்தைப் பிடித்து விட முடியாது. ஒரு பெண்ணுக்கு ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத குறை), அவளும் வீல்சேர். கை நல்ல பலம், தலையில் மூளை நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் உண்டு. இன்னொரு பையனுக்குப் பார்வை அறவே இல்லை. இன்னொரு பெண்ணுக்குக் காது கேட்காது.

இப்போது நாலு பேரும் புங்கமரத்தடியில் ஸ்கோர் எழுதுகிறார்கள். அது போதும், நிறுத்த வேண்டும். அவர்களுக்கென்று தனி ஆட்டமும் வேண்டாம். 44 பேரும் ஒரே பீரியடில் கலந்து ஆட வேண்டும். பிரேயர் நடக்கும் சிமெண்ட் தரை 15 × 8 மீட்டர். மற்றதெல்லாம் செம்மண், பொடிக்கல். பீரியட் 40 நிமிடம். கையில் பணம் அதிகமில்லை. போச்சியா (உட்கார்ந்தபடி பந்தை எறிந்து குறிப்பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம்) பந்துக்குப் பதில் பலூனுக்குள் கேழ்வரகு அடைத்தால் போதும் என்கிறார்கள். சரிவருமா?

ராணிப்பேட்டை கோச்:

சார், சிமெண்ட் தரை இருப்பதால் போச்சியாவிலேயே ஆரம்பியுங்கள். முழுக் களம் 12.5 × 6 மீட்டர், உங்கள் இடத்தில் அடங்கிவிடும். எறியும் பக்கம் 1 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளத்தில் ஆறு கட்டங்கள். அவற்றுக்கு முன்னால் 'வி' வடிவக் கோடு: எறியும் கோட்டிலிருந்து நடுவில் 1.5 மீட்டர், ஓரங்களில் 3 மீட்டர். வெள்ளைப் பந்து அதைத் தாண்டி நிற்க வேண்டும். பிறகு சிவப்பு 6, நீலம் 6. வெள்ளைக்கு நெருக்கமாக நிறுத்துவதுதான் ஆட்டம். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தே எறியட்டும். நடக்கிற பிள்ளைகள் மட்டும் நின்று எறிந்தால் ஆட்டம் சமமாக இருக்காது.

பந்து: போட்டி அளவு 275 கிராம், சுற்றளவு 27 சென்டிமீட்டர். பலூன் பந்து சீக்கிரம் கிழியும், எடையும் ஒன்றுபோல வராது. நம் பக்கம் தோல் கிடைக்கிற ஊர். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் ஷூவுக்கு வெட்டிய மிச்ச ஆட்டுத்தோல் விசாரித்தால் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். ஒரு பந்துக்கு இலை வடிவத்தில் 6 துண்டு. ஒவ்வொன்றும் நீளம் 13.5, நடு அகலம் 4.5 சென்டிமீட்டர், அதற்கு மேல் தையலுக்குச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர். உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, 3 சென்டிமீட்டர் வாய் விட்டுத் திருப்பி, புனல் வைத்து அடைக்க வேண்டும். தோல் 30 கிராம் போக 245 கிராம் கேழ்வரகு கொள்ளும். துணிப்பையில் போட்டு உள்ளே வைத்தால் தையல் ஓட்டை வழியே சிந்தாது. கட்டைவிரலால் அழுத்தினால் அரை சென்டிமீட்டர் அமுங்கணும். கல் மாதிரி இருந்தால் நிற்காமல் உருண்டு போகும். தொளதொளவென்றால் விழுந்த இடத்திலேயே சப்பையாக உட்கார்ந்துவிடும்.

கேழ்வரகில் வண்டு விழும், எலியும் கடிக்கும். நாள்பட வைத்திருக்க பிளாஸ்டிக் குருணை நல்லது. அது லேசு, எடை குறைந்தால் கழுவிக் காயவைத்த மணல் கொஞ்சம் கலந்து தராசில் சரிபார்க்கவும். பன்னிரண்டு பந்தும் ஒரே எடையாக இருப்பது முக்கியம்.

விரல் இறுகிய பையனுக்குச் சரிவுக்குழாய் செய்து கொடுங்கள். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப், 5 அடி, நீளவாக்கில் பாதியாக அறுத்தது. மேல்முனை 3 அடி உயரத்தில் ஸ்டாண்டில். கீழ்முனையை அப்படியே தரையில் ஊன்றினால் பந்து தரையில் மோதித் துள்ளும். கடைசி ஒரு அடியைப் பிளம்பரிடம் சூடு காட்டி வளைத்து, தரையோடு படியும்படி செய்யச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டருக்கு ஒரு டேப் கோடு ஒட்டினால், எந்த உயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று பையனே கணக்குப் பிடித்துக்கொள்வான். உதவிக்கு நிற்கும் மாணவன் களத்துக்கு முதுகு காட்டியே உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. குழாயை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சொல்வதும், பந்தை விடுவதும் ஆடும் பையனேதான். இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். உதவியாளன் குறிபார்த்துவிட்டால் அது அந்தப் பையனின் ஆட்டம் இல்லை.

பாகாயம் பிசியோ:

சார், பலூன் வேண்டவே வேண்டாம். பந்து கிழிவதைவிடப் பெரிய காரணம் உண்டு: ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மிக சகஜம். பலூன், ரப்பர் கையுறை, உடற்பயிற்சி ரப்பர் பட்டை எல்லாவற்றிலும் அது இருக்கும். தடிப்பு, மூச்சிரைப்பு, சில பேருக்கு உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்ணைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்துப் பிள்ளை பலூன் ஊதினாலும் சிக்கல்தான்.

ஷண்ட் இருப்பதால் தலையில் பந்து படும் ஆட்டம் தவிர்க்கவும். விடாத தலைவலி, வாந்தி, தூங்கி வழிவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருக்கும். 15–20 நிமிடத்துக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ முன்னால் சாயவோ சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா தோலைப் பார்க்கட்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம், மறையும்வரை அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது. நம் வேலூர் வெயிலில் வீல்சேரின் கால்பலகை கொதிக்கும்; உணர்ச்சியில்லாத கால் சுடுவதே தெரியாது. சாக்ஸ், ஷூ இல்லாமல் ஆட விடாதீர்கள். பி.டி. பீரியடைக் காலை 10 மணிக்கு முன்னால் வாங்க முடியுமா என்று ஹெச்.எம்.மிடம் பேசிப் பாருங்கள்.

மூளை முடக்குவாதப் பையனுக்கு இடுப்பில் பெல்ட், பாதம் இரண்டும் பலகையில் தட்டையாக. இடுப்பு ஆடினால் கை இன்னும் இறுகும்.

இன்னொன்று. முடங்கிய பிறகும் வீல்சேரில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. வீல்சேர் என்றதும் மரத்தடி என்று பழகிவிட வேண்டாம்.

வாலாஜா விசில்:

மற்ற பிள்ளைகளுக்கும் வேலை வேண்டுமே. செம்மண்ணில் கல் பொறுக்கிவிட்டு உட்கார்ந்து ஆடும் வாலிபால்: களம் 10 × 6 மீட்டர், வலை உயரம் ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது புட்டம் தரையை விட்டு எழும்பக் கூடாது. முதல் வாரம் எல்லாரும் எழும்புவார்கள், விட்டுவிடாமல் பாயிண்ட்டை எதிரணிக்குக் கொடுங்கள்.

கணக்கு இப்படி: சிமெண்டில் தலா 4 மீட்டர் அகலத்தில் இரண்டு போச்சியா களம், 2க்கு 2, மொத்தம் 8 பேர். வாலிபால் இரண்டு களம், 24 பேர். மீதி 12 பேர் ஓட்டம். 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் மூன்று சுற்று வரும்.

பார்வை இல்லாத பையனுக்கு ஓட்டத்தில் துணை ஓட்டக்காரர். இழுபடாத நாடா, 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், இருவர் கையிலும் வளையம். துணை ஓடுபவன் இவனைவிட வேகமானவனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவன்தான் அவனை இழுத்துக்கொண்டு ஓடுவான். இழுக்கவும் கூடாது, கோட்டை முதலில் தாண்டவும் கூடாது. இருவருக்குமாக இரண்டு லேன் விடுங்கள்.

போச்சியா கோடுகளுக்கு அடியில் ட்வைன் நூல் வைத்து மேலே டேப் ஒட்டினால் அவன் விரலால் தடவி இடம் தெரிந்துகொள்வான். வெள்ளைப் பந்து நின்ற இடத்தில் ஒருவர் இரண்டு முறை கைதட்ட வேண்டும், பிறகு அமைதி. கால்பந்தை இரண்டு கேரிபேக்கில் சுற்றி முடிந்தால் உருளும் சத்தம் கேட்கும். ஆனால் பந்து நின்றதும் சத்தமும் நின்றுவிடும், பையும் சீக்கிரம் கிழியும். மாற்றுப் பை வைத்திருங்கள்.

காது கேட்காத பெண்ணுக்கு விசிலோடு சிவப்புக் கொடி. ஓட்டம் தொடங்கும்போது பின்னால் நிற்காமல் அவள் கண்ணில் படும்படி முன்பக்கவாட்டில் நில்லுங்கள். ஆட்டத்தில் விசில் அடித்ததும் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி நிற்பது என்று வகுப்புக்கே ஒரு வழக்கம் வையுங்கள்.

பாகாயம் பிசியோ:

வாலிபாலில் ஒரு திருத்தம். ஸ்பைனா பிஃபிடா பெண்ணைத் தரையில் இறக்காதீர்கள். உணர்ச்சியில்லாத தோல் செம்மண்ணில் உராய்ந்தால் ஆறாத புண் வரும். அவள் போச்சியாவிலும் ஓட்டத்திலும் மட்டும் சுற்றட்டும். ஓட்டம் சிமெண்ட் ஓரத்தில். மண்ணில் முன்சக்கரம் புதைந்து முகம் குப்புற விழ வாய்ப்புண்டு.

குடியாத்தம் பி.இ.டி.:

ரொம்ப நன்றி. ஸ்போர்ட்ஸ் டேயில் இதற்கு ஹவுஸ் பாயிண்ட் கொடுக்கலாமா?

ராணிப்பேட்டை கோச்:

கட்டாயம் கொடுங்கள் சார், கபடிக்கு என்ன பாயிண்டோ அதே. யாராவது மறுத்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 30 விளையாட்டைப் பற்றியே பேசுகிறது என்று காட்டுங்கள். முதலமைச்சர் கோப்பையிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு; மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். நாலு பேருக்கும் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.