மறு: பாடி வாஷில் ‘டெபோசிஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘சருமச் சேர்மானம்’ என்றே வைத்துவிடலாமே?

எனக்கு உடன்பாடில்லை. சேர்மானம் என்றதும் கலவையில் என்னென்ன போட்டிருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் பெயர் தேடுவது அதற்கு அடுத்த கட்டத்துக்கு: நுரை அலசிப் போனபிறகு தோலில் எது மிச்சம் நிற்கிறது?

தோலைப் பொலிவாக்கச் சேர்க்கும் நியாசினமைடையே பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதில் அது கைவைப்பதில்லை. உருவான மெலனின் பொதிகள் மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதைத்தான் குறைக்கிறது. க்ரீமில் அதற்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. பாடி வாஷில் ஓரிரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். போதாக்குறைக்கு நீரில் நன்றாகக் கரையும் பொருள். அலசும்போதே பெரும்பகுதி வடிகாலுக்குப் போய்விடும். லேபிளில் 5% என்று போடுவது சுலபம்.

பொருள் இப்படி அலசிப் போகாமலிருக்கத் தொழிலில் உள்ள வழி நேர்மின் பாலிமர், அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட நீள்சங்கிலி மூலக்கூறு. குவார் பிசினிலிருந்து செய்வது ஒரு வகை. பாட்டிலுக்குள் நுரைப்பொருளோடு கரைந்தே கிடக்கும். குளிக்கும்போது தண்ணீர் சேர்ந்து கலவை நீர்த்ததும் இரண்டும் கூடிப் பிசுபிசுப்பான திரளாகப் பிரியும். எதிர்மின் தன்மையுள்ள தோலில் ஒட்டும். கூடவே எண்ணெய்த் துளிகளையும் மைக்கா என்ற மினுங்கும் கனிமம் போன்ற நுண்துகள்களையும் இழுத்துவரும். நியாசினமைடுக்கு இந்த உதவி அவ்வளவாகக் கிடைக்காது. எண்ணெயில் கரையும் ஹெக்சைல்ரிசார்சினால் போன்ற பொலிவுப் பொருள்களுக்கு வாய்ப்பு கூடுதல். (மைக்கா கலந்தவற்றில் குளித்த கையோடு தெரியும் பளபளப்பு அதன் வேலை. மெலனினுக்கு அதில் பங்கில்லை.)

என் பரிந்துரை: ‘ஒட்டுப்படிவு’. வெறும் ‘படிவு’ வண்டலுக்கும் குழாய்ச் சுண்ணாம்புக்கும் போய்விட்டது. தானாக அடியில் தங்குவதையே காட்டுகிறது. இங்கே ஓடுகிற தண்ணீரில் பிடித்து நிற்க வேண்டும். ஒட்டுப்படிவுத் திறன், ஒட்டுப்படிவுத் துணைப்பொருள் என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை. ‘ஊடுருவல்’ மட்டும் வேண்டவே வேண்டாம். தோல்மேல் நிற்பதை அளந்துவிட்டு, உள்ளே போனதாக விளம்பரம் எழுதுபவர்களுக்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பூசியபின் அலசிவிடும் ‘ரின்ஸ்-ஆஃப்’, தோலிலேயே விட்டுவிடும் ‘லீவ்-ஆன்’ இரண்டுக்கும் முறையே அலசுவகை, தங்குவகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குவிதி இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி அலசுவகையில் 0.0015% வரை செல்லும், தங்குவகையில் கூடாது. எனவே இந்தச் சோடி குழப்பமில்லாமல் இருக்க வேண்டும்.

நியாசினமைடு போன்ற பொருள்களுக்குப் பெயர் ‘பொலிவூட்டி’யா ‘வெண்மையாக்கி’யா என்பதில் என் வாக்கு முதலாவதற்கு. நீர்த்ததும் பிரியும் அந்தத் திரளுக்கு, அதாவது கோஅசர்வேட்டுக்கு, ‘பிரிதிரள்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கூழ்ம வேதியியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.