கிரீன் ஓரத்தில் தோண்டும் பெரியப்பா

— சனி —

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். கோல்ஃபில் கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) நாலு எட்டு வெளியே நின்றுகொண்டு உருப்படியாக ஒரு சிப் (தாழ்வாக எழும்பி உருளும் சின்ன அடி) அடிக்க முடியவில்லை. ஒன்று, பந்துக்குப் பின்னால் மண்ணைப் பெயர்க்கிறேன். இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டுக் கிரீனைத் தாண்டி அந்தப் பக்க மணல் பங்கருக்குள் ஓடுகிறது. வசந்தி, நேரம் கிடைக்கும்போது ஒரு வழி சொல்லம்மா.

பெரியம்மா: ஹாலிலும் இதே வேலைதான். மிதியடி கிழிந்துவிட்டது.

வசந்தி அத்தை: அண்ணா, பார்க்காமல் சொன்னால் ஆயிரம் காரணம் சொல்லலாம். உங்களுக்கு நேர் எதிரே நின்று யாராவது ஒரு வீடியோ எடுத்து அனுப்பட்டும்.

பெரியம்மா: (வீடியோ)

கார்த்தி: அம்மா, அப்பாவுக்குத் தலையே காணோம் 😂

பெரியம்மா: காலும் கம்பியும் தெரிகிறதே, போதாதா?

வசந்தி அத்தை: தாராளமாகப் போதும் அண்ணி. வேண்டியது எல்லாம் இதிலேயே இருக்கிறது. அண்ணா, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து உங்கள் வலது ஷூவின் நுனிக்கு நேராக இருக்கிறது. கைகள் இரண்டும் இடது தொடையைத் தாண்டி வெளியே போய்விட்டன. ஷாஃப்ட், அதாவது கிளப்பின் (மட்டையின்) தண்டு, குழியில் நிற்கும் ஃபிளாக் பக்கமாகப் படுத்தேவிட்டது.

பெரியப்பா: எனக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? பந்து பின்னால், கை முன்னால், எடை இடது காலில்.

வசந்தி அத்தை: எடை விஷயம் சரி. மற்ற இரண்டும் கொஞ்சமாக இருந்தால் சரி. நீங்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். அந்தச் சாண்ட் வெட்ஜ் கிளப்பைக் கையில் எடுங்கள். அடிப்பாகத்தில் என்ன எண் பொறித்திருக்கிறது?

பெரியப்பா: 56. பக்கத்தில் 12.

வசந்தி அத்தை: 56 டிகிரி லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு; 12 டிகிரி பவுன்ஸ். இப்போது கிளப்பைத் தரையில் நேராக வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அடிப்பாகத்தின் பின்பக்கம் தரையைத் தொடும். முன்விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சாய்வுதான் பவுன்ஸ். கிளப் மண்ணுக்குள் இறங்காமல் புல்மேல் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். சரி, ஷாஃப்ட்டை மெதுவாக முன்னால் சாயுங்கள்.

பெரியப்பா: பின்பக்கம் மேலே வருகிறது. முன்விளிம்பு தரையைக் குத்துகிறது.

வசந்தி அத்தை: அவ்வளவுதான் விஷயம். ஷாஃப்ட் 12 டிகிரி சாய்ந்தால் அந்த 12 டிகிரி பவுன்ஸும் காலி. மிச்சம் இருப்பது மண்வெட்டி. பந்துக்கு ஒரு விரற்கடை பின்னால் பட்டாலும் உள்ளே இறங்கிவிடும். பவுன்ஸ் இருந்தால் அதே தப்பு மன்னிக்கப்பட்டிருக்கும்; பந்து கொஞ்சம் குறைவாகப் போகும், ஆனால் கிரீனில் இருக்கும்.

நான்: அப்படியென்றால் பந்தின் வயிற்றில் படுவது எதனால், அத்தை? அது நேர் எதிரான தப்பு இல்லையா?

வசந்தி அத்தை: பார்த்தால் அப்படித்தான் தெரியும். மண்ணைத் தோண்டிய பயம் இருக்கிறதல்லவா, அடுத்த பந்தில் கடைசி நொடியில் மணிக்கட்டை உடைத்து, அதாவது சட்டென்று மடக்கி, பந்தைத் தூக்கிவிடப் பார்க்கிறார். கிளப் தலை கைகளை முந்திக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறும்போது விளிம்பு பந்தின் நடுவில் அடிக்கிறது. முதல் தப்புக்கு அண்ணா தானாகக் கண்டுபிடித்த மருந்துதான் இரண்டாவது தப்பு.

பெரியப்பா: தூக்காவிட்டால் பந்து எப்படி எழும்பும்?

வசந்தி அத்தை: முகத்தில் 56 டிகிரி சாய்வு வைத்துத்தானே செய்திருக்கிறார்கள், அண்ணா. தூக்குகிற வேலை அதனுடையது. உங்கள் வேலை புல்லை உரசுவது மட்டும்.

கார்த்தி: நான் எல்லாவற்றுக்கும் 60 டிகிரிதான். உயரமாகப் போய் அப்படியே நிற்கும். அப்பாவும் அதற்கு மாறினால் என்ன?

வசந்தி அத்தை: வேண்டவே வேண்டாம். லாஃப்ட் கூடக் கூட அதே தூரத்துக்குப் பெரிய ஸ்விங் வேண்டும். ஸ்விங் பெரிதானால் தப்பும் பெரிதாகும். பங்கருக்கு மேலே தூக்கிப் போட வேண்டும், ஃபிளாக் இந்த ஓரத்திலேயே இருக்கிறது என்றால் 60-ஐ எடு. நடுவில் ஒன்றும் இல்லாத வெறும் புல்தரையில் அதை எடுப்பது வீண் வீம்பு. நீ எத்தனை தடவை தலைக்குமேல் தூக்கி நாலு அடி தூரம் அடித்திருக்கிறாய் என்று நான் பார்த்திருக்கிறேன், கார்த்தி.

கார்த்தி: 🙈

பெரியப்பா: அப்போது எதை எடுப்பது?

வசந்தி அத்தை: முதலில் கிளப்பைப் பற்றி யோசிக்காதீர்கள். பந்து எங்கே விழ வேண்டும் என்று பாருங்கள். கிரீனுக்குள் ஒரு எட்டு, சமமான இடம். அதுதான் உங்கள் இலக்கு. குழி இல்லை. அப்புறம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, 12-ஐ வைத்துப் போடுவது. பந்திலிருந்து விழும் இடம் வரை எத்தனை எட்டு, அங்கிருந்து குழி வரை எத்தனை எட்டு. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, வந்ததை 12-இலிருந்து கழித்தால் கிளப் எண்.

நான்: ஒரு உதாரணம் ப்ளீஸ்.

வசந்தி அத்தை: பந்து கிரீனுக்கு 2 எட்டு வெளியே. உள்ளே 1 எட்டில் விழ வேண்டும். ஆக 3. அங்கிருந்து குழி 12 எட்டு. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் 4. 12-இல் 4 போக 8. ஆக 8 அயர்ன், அதாவது 8 என்று எண் போட்ட கிளப். அதே இடத்திலிருந்து குழி 6 எட்டுதான் என்றால் வகுத்து வருவது 2. கழித்தால் 10. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொள்ள வேண்டும். கிரீன் மேட்டில் ஏறினால் லாஃப்ட் ஒன்று குறைவான கிளப், இறங்கினால் ஒன்று கூடுதல். கிரீனின் வேகத்தைப் பொறுத்தும் மாறும், அதனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 8 அயர்னா, சாண்ட் வெட்ஜா என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரியம்மா: கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் திட்டமாட்டார்களா?

வசந்தி அத்தை: பந்தை நோக்கி நடக்கும்போதே எட்டை எண்ணிவிடலாம் அண்ணி 😄

கார்த்தி: 8 அயர்னில் சிப் அடிப்பதெல்லாம் தாத்தா காலம் இல்லையா அத்தை?

வசந்தி அத்தை: பால் ரன்யன் என்று ஒருவர் இருந்தார். சின்ன உருவம், தூரமாக அடிக்க வராது. 1938 பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியில் எதிரே சாம் ஸ்னீட், அந்தக் காலத்தில் அடித்தால் எங்கேயோ போகும் ஆள். அப்போது அது ஒருவருக்கு ஒருவர் ஆடும் மேட்ச் பிளே. ரன்யன் 8-க்கு 7 என்று ஜெயித்தார். அதாவது இன்னும் 7 ஹோல் பாக்கி இருக்கும்போதே 8 ஹோல் முன்னிலை, ஆட்டம் முடிந்தது. கிரீன் ஓரத்தில் அவர் செய்தது பட்டிங் (கிரீனில் பந்தை உருட்டிவிடுவது) செய்வதுபோலவே சிப் அடிப்பதுதான். தாத்தா காலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கார்த்தி: சரி சரி, எடுக்கிறேன் 8 அயர்னை.

பெரியப்பா: பட்டிங் மாதிரி என்றால்? பிடியும் அப்படியேவா?

வசந்தி அத்தை: கிரீனை ஒட்டிக் கிடக்கும் பந்துக்கு, ஆமாம். பந்துக்குக் கிட்டே நில்லுங்கள். கைகளைக் கொஞ்சம் உயர்த்தினால் கிளப்பின் குதிகால் தரையை விட்டு எழும்பும், நுனி மட்டும் புல்லைத் தொடும். உரசும் பரப்பு குறைவு, அதனால் மாட்டிக்கொள்ளாது. பிறகு தோளை ஆட்டினால் போதும். இன்னும் தள்ளி, ஆறேழு எட்டு வெளியே இருந்தால் வழக்கமான பிடி.

நான்: வழக்கமான சிப்புக்கு எப்படி நிற்க வேண்டும்? ஒரே மெசேஜில் போடுங்கள் அத்தை, ஸ்டார் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

வசந்தி அத்தை: கால்களுக்கு நடுவே ஒரு கிளப் தலை நுழையும் அளவு இடம், அதற்குமேல் வேண்டாம். இடது பாதத்தை ஃபிளாக் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம். எடையில் பாதிக்குமேல், அறுபது சதவீதம் போல, இடது காலில். அடித்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும், பின்னால் போய்விட்டுத் திரும்பி வரக்கூடாது. பந்து கால்களுக்கு நடுவில். சட்டைப் பித்தான் பந்துக்கு ஒரு கைப்பிடி முன்னால். கை இடது தொடையின் உள்பக்கத்துக்கு நேராக, அதைத் தாண்டக்கூடாது. கிரிப்பைக் கீழே இறக்கிப் பிடியுங்கள், ஆனால் நெரிக்காதீர்கள். அடிக்கும்போது மார்பு நிற்காமல் ஃபிளாக் பக்கம் திரும்ப வேண்டும். மணிக்கட்டு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மார்பு நின்றுபோவதுதான். உடம்பு நின்றால் கை தனியாக ஓடும்.

கார்த்தி: மணிக்கட்டை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே?

வசந்தி அத்தை: இறுக்கினால் தோள்வரை இறுகும். பின்னால் போகும்போது கிளப் தலையின் கனத்துக்குத் தானாக மடங்குகிற அளவு மடங்கட்டும். பந்தைத் தாண்டிய பிறகு இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்காமல் இருந்தால் போதும்.

பெரியப்பா: சங்கத்தில் ஒருவர் கையை மாற்றிப் பிடித்துச் சிப் அடிக்கிறார். இடது கை கீழே. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வசந்தி அத்தை: சிரிக்காதீர்கள். மாட் ஃபிட்ஸ்பாட்ரிக் அப்படித்தான் சிப் அடிக்கிறார், 2022 யூஎஸ் ஓபன் ஜெயித்தவர். இடது கை கீழே இருந்தால் அந்த மணிக்கட்டு உடைவது கடினம். நீங்கள் அதற்கு இப்போதே போக வேண்டாம். சொன்னதைச் செய்து பார்த்து, அப்புறமும் கை துள்ளினால் அதையும் பார்க்கலாம்.

பெரியப்பா: இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். போன வாரம் ரஃபில், அதாவது உயரமான புல்லில், அடித்தபோது கிளப் பந்தில் இரண்டு தடவை பட்டுவிட்டது. இரண்டு ஸ்ட்ரோக் (அடி) என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

வசந்தி அத்தை: ஐயோ, 2019-இலேயே விதி மாறிவிட்டது அண்ணா. ஒரே ஸ்விங்கில் தெரியாமல் இரண்டு முறை பட்டால் ஒரு ஸ்ட்ரோக்தான், அபராதம் கிடையாது. பாவம், தைவானின் டி.சி. சென். 1985 யூஎஸ் ஓபன் கடைசி நாள், நாலு ஸ்ட்ரோக் முன்னிலை. ஐந்தாவது ஹோலில் கிரீன் ஓரத்து ரஃபில் சிப் அடித்தபோது பந்து எழும்பி நடுவானில் கிளப்பிலேயே மறுபடி பட்டது. அன்றைய விதிப்படி ஒரு ஸ்ட்ரோக் அபராதம். அந்த ஹோலில் 8 எழுதினார். முன்னிலை மொத்தமும் போயிற்று. கடைசியில் ஆண்டி நார்த்திடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார்.

நான்: ஒரே ஒரு ஸ்ட்ரோக்கா! கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

வசந்தி அத்தை: அடர்ந்த ரஃபில் மெதுவாக அடித்தால்தான் அப்படி ஆகும். கிளப் புல்லில் சிக்கி வேகம் குறைந்து, பிறகு பந்தை மறுபடி பிடித்துவிடும். அங்கே மட்டும் கிரிப்பைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து, முகத்தைச் சற்றே திறந்து, கொஞ்சம் செங்குத்தாக இறக்குங்கள். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே புல் மாட்டுவதால் சுழற்சி இருக்காது, விழுந்த பிறகு அதிகம் உருளும். அதையும் சேர்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரியப்பா: நாளைக் காலை என்ன பயிற்சி? சுருக்கமாகச் சொல்.

வசந்தி அத்தை: முதலில் பந்து வேண்டாம். புல்லை மட்டும் உரசுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். சர் என்று கேட்டால் பவுன்ஸ் வேலை செய்கிறது. தொப் என்று கேட்டால் கை மறுபடி முன்னால் போய்விட்டது. அது பழகியதும் பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, துண்டில் படாமல் அடியுங்கள். விழ வேண்டிய இடத்தில் இன்னொரு துண்டு. அன்று முழுக்கக் குழியைப் பார்க்கவே கூடாது.

கார்த்தி: ஒரு நீளக் குச்சியைக் கிரிப்போடு சேர்த்துப் பிடித்து அடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

வசந்தி அத்தை: அதுவும் நல்லதுதான். குச்சி இடது இடுப்புப் பக்கமாக நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மணிக்கட்டு உடைந்தால் விலாவில் குத்தும், யாரும் பக்கத்தில் நின்று திட்ட வேண்டாம்.

பெரியம்மா: திட்டுவதற்கு நான் இருக்கிறேன் வசந்தி, குச்சி எதற்கு?

— ஞாயிறு —

பெரியப்பா: காலையில் போனேன். சர் சத்தம் வருகிறது! மண் பெயரவில்லை. துண்டிலும் படவில்லை. ஆனால் தூரம்தான் கைக்கு வரவில்லை. ஒன்று துண்டுக்கு முன்னாலேயே விழுகிறது, அடுத்தது ரொம்பத் தள்ளி விழுகிறது.

வசந்தி அத்தை: ரொம்ப நல்ல செய்தி அண்ணா! தூரத்தை வேகத்தால் கூட்டிக் குறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறைவான தூரத்துக்குப் பெரிதாக எடுத்துவிட்டு, நடுவழியில் பயந்து பிரேக் போடுகிறீர்களா?

பெரியப்பா: எப்படிக் கண்டுபிடித்தாய்? அதேதான்.

வசந்தி அத்தை: வேகம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். பின்னால் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். ஒரு தடவை கை வலது முழங்கால் உயரம் வரை, அடுத்தது தொடை வரை, அப்புறம் இடுப்பு வரை. ஒவ்வொன்றிலும் சாண்ட் வெட்ஜ் எங்கே விழுகிறது என்று எட்டு வைத்து அளந்துகொள்ளுங்கள், அப்புறம் அதையே 8 அயர்னில். பின்னால் போன அளவாவது முன்னாலும் போக வேண்டும். அடிக்கும் முன்னால் ஒரு பந்தைக் கையில் எடுத்து, தாழ்வாகத் துண்டுக்கு வீசிப் பாருங்கள். எவ்வளவு வேகம் வேண்டும் என்று கைக்கு உடனே தெரிந்துவிடும்.

நான்: ஃபிளாக்கை எடுத்துவிட்டு அடிப்பதா, விட்டுவிட்டா?

வசந்தி அத்தை: விட்டுவிடு. வேகமாக வரும் பந்தை அது தடுத்து நிறுத்தும். உன் பக்கமாகச் சாய்ந்து நின்று குழியை அடைத்தால் மட்டும் போய் நேராக்கு.

கார்த்தி: அப்பா, சாயங்காலம் நானும் வருகிறேன். 8 அயர்ன் ஒன்றுதான் கொண்டு வருவேன்.

பெரியப்பா: துண்டும் இரண்டு கொண்டு வா. என்னுடையதை உங்கள் அம்மா துவைக்கப் போட்டுவிட்டாள்.